திங்கக்கெழம மட்டும் கெட்டுப்போன தெளுவு: ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருசம் பங்குனி மாசம் ஒரு வியாழக்கெழம பொழுதோட, ஆனைமலைக்கு அக்கட்டால தெளுவு சென்டர் நடத்தற ஒரு அண்ணன் போன் பண்ணுனாரு. "அம்மிணி, பாட்டிலெல்லாம் வயிறு ஊதிட்டு திரும்பி வருதுங்க, சித்த வந்து பாக்கறீங்களா"ன்னாரு. குரல்ல இருந்த வெசனத்த வெச்சே தெரிஞ்சுது, இது நேத்து வந்த பிரச்சனை இல்ல, ஒரு மாசமா யாருகிட்டயும் சொல்லாம அமுக்கி வெச்சிருந்து இனி முடியாதுன்னு ஆனப்பறம் கூப்பிடறாருன்னு. நான் மைக்ரோபயாலஜி படிச்சுட்டு கோயமுத்தூர்ல சின்னதா ஒரு லேப் வெச்சிருக்கறவ, பால் சொசைட்டி, மாவு அரைச்சு விக்கறவங்க, ஊறுகாய் போடறவங்க இவங்கதான் எனக்கு எச்சா வாடிக்கை, தெளுவு எனக்கும் புதுசு. அதனால நடுவுல நான் தப்பா யோசிச்சு ஒரு வாரத்த வீணாக்குனதும் இதுல வரும். சென்டர் பேரு, தோட்டத்துக்காரங்க பேரு எதுவும் எழுதல.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு வார்த்தை. பாளைய சீவி எறக்கற இனிப்பு சாறு, அது தென்னையோ பனையோ, எங்கூர்ப் பக்கம் தெளுவுதான். கவர்மெண்ட் பேப்பர்ல நீரான்னு இருக்கும். அதுவே புளிச்சா கள்ளு. ரெண்டுக்கும் நடுவுல மரம் மாறல, ஆள் மாறல, சில மணி நேரமும் கொஞ்சம் நுண்ணுயிரும்தான் வித்தியாசம். ஆனா தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளுக்குத் தடை, 2017ல தான் தென்னைல நீரா எறக்க அனுமதி குடுத்தாங்க, அதுவும் புளிக்காம இருக்கற வரைக்கும்தான். வெளிநாட்டுல ஆப்பிள் சாறப் புளிக்க வெச்சு சைடர் போடறவனுக்கு பாக்டீரியா வந்தா சரக்கு நட்டம், அவ்வளவுதான். நம்மூர்ல தெளுவு விக்கறவருக்கு அதே பாக்டீரியா வந்தா சரக்கும் நட்டம், கேஸும் ஆயிரும். அந்த அண்ணன் ஒரு மாசம் வாயத் தொறக்காம இருந்ததுக்குக் காரணம் இதுதான்.

மொத நாள் போய் உக்காந்து என்னென்ன கம்ப்ளெயிண்ட்டுன்னு கேட்டேன். சென்டர்ல ரெண்டு சரக்கு போகுது. ஒண்ணு காய்ச்சாத பச்சைத் தெளுவு, ஒரு லிட்டர் பெட் பாட்டில்ல அடைச்சு ஐஸ் பெட்டில வெச்சு ரோட்டோரக் கடைக்குப் போறது. இன்னொண்ணு பாஸ்சரைஸ் பண்ணி, அதாவது கிருமி சாகற அளவு சூடு பண்ணி, 200 மில்லி பாட்டில்ல அடைச்சு ஃப்ரிட்ஜுல வெச்சு விக்கறது. பச்சை பாட்டில் ஊதிக்குது, யாரோ திருப்பூர்ல இருந்து வந்தவங்க மூணு பாட்டில் வாங்கி கார் டிக்கில போட்டு பல்லடம் தாண்டறதுக்குள்ள மூடி தெறிச்சு டிக்கி பூரா நொரையாம். தொறந்தா அழுகுன வாழப்பழத் தோலு வாசம். பாஸ்சரைஸ் பண்ண பாட்டில் ஊதறதே இல்ல, ஆனா சிலது குடிக்கறப்ப கொழகொழன்னு வழுக்குது, ஸ்பூன் விட்டுத் தூக்குனா நூல் மாதிரி இழுக்குது, லேசா புளிப்பு. ஒருத்தர் "வெண்டக்காய கரைச்சு விட்டாப்ல இருக்குது"ன்னு திருப்பிக் குடுத்திருக்காரு.

இந்த ரெண்டும் ஒரே வியாதியா வேற வேறயான்னு எனக்கு அப்ப தெரியல. இந்த வித்தியாசத்துலயே பதில் இருந்துச்சு, ஆனா அது எனக்கு மண்டைல ஏறுனது பத்து நாள் கழிச்சுத்தான்.

சென்டர்ல ஆளுக்கொரு குத்தவாளி வெச்சிருந்தாங்க. பாஸ்சரைஸ் மெஷினு சப்ளை பண்ணவங்க ஆளு வந்து பாத்துட்டு சென்சார் சரியா இருக்குது, உங்க சரக்குதான் சரியில்லன்னுட்டுப் போயிருக்காரு. அண்ணனுக்கு மரம் ஏறறவங்க மேல சந்தேகம், பழைய கள்ளு மண்டிய எவனோ கலக்கறான்னு. மரம் ஏறறவங்களுக்கோ ஐஸ் சரியா குடுக்கறதில்லன்னு கோவம். பாட்டில் கழுவற தம்பி நமக்கேன் வம்புன்னு எதுவும் பேசாம நின்னுட்டிருந்தான்.

நான் போய் மரத்துலதான் ஆரம்பிச்சேன். இங்க எறக்கறது சுண்ணாம்பு தடவுன முட்டில (மண் கலயம்) இல்ல, காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் கண்டுபுடிச்ச ஐஸ் பெட்டி முறைல. பாளை நுனிய அந்தப் பெட்டியோட வாய்ல சொருகிருப்பாங்க, உள்ள ஒரு பிளாஸ்டிக் கவர், சுத்தி ஐஸ்கட்டி, சொட்டுச் சொட்டா விழற சாறு விழுந்த உடனே சில்லுன்னு ஆயிரும். சுண்ணாம்பு முறைல சாறோட காரத்தன்மைய ஏத்தி கிருமிய அடக்கறது, இதுல குளிர வெச்சு அடக்கறது. ரெண்டுலயும் கிருமி சாகல, கையக் கட்டிட்டு நிக்குது, அவ்வளவுதான். இப்படிப் புடிச்ச தெளுவு தேன் கலர்ல கண்ணாடி மாதிரி இருக்கும். பால் கலந்தாப்ல வெளுத்துருச்சுன்னா உள்ள வேலை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்.

என் கணக்கு என்னன்னா, பங்குனி வெயிலு, ராத்திரி ஐஸ் கரைஞ்சு போயி விடிகாலைல பெட்டி சூடாகி அங்கயே புளிக்குதுன்னு. ஒரு வாரம் விடிகாலைல போயி, பெட்டிய கயிறுல எறக்கச் சொல்லி, மரத்துக்கு மரம் சூடு பாத்து பிஹெச் (புளிப்பு ஏற ஏற எறங்கற நம்பர்) பாத்தேன். பெட்டிக்குள்ள ஐஸ் மிச்சம் இருந்துச்சு, பிஹெச் 7ஐ ஒட்டியோ கொஞ்சம் மேலயோ, பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, 16, கலரும் வாசமும் சுத்தம். ஒரே ஒரு தோப்புல மட்டும் 6.7 வந்துச்சு, அங்க பாளை சீவற கத்திய வேட்டில தொடைச்சுட்டு அடுத்த மரம் ஏறறாங்க, அத தனியா சொல்லி சரி பண்ணியாச்சு, ஆனா அந்த ஒரு தோப்பு இத்தன பாட்டில ஊத வெக்க முடியாது. மரத்துல தப்பு இல்லன்னு ஒத்துக்கறதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அந்த மரம் ஏறற பெரியவரு, அறுபது வயசு இருக்கும், தெனமும் நான் வந்து நிக்கறதப் பாத்துட்டு கடைசில கேட்டாரு, "ஏனுங்க அம்மிணி, நோவு காலுல இருக்கறப்ப தலைக்கு எண்ணெ தேய்ச்சா சரியாகுமுங்களா?"

சரி கால் எதுன்னு தேட ரிஜிஸ்டர எடுத்தேன். திரும்பி வந்த பாட்டில்ல இருந்த தேதிய எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி கெழமை போட்டுப் பாத்தா பெரும்பாலும் திங்கக்கெழம. ஒண்ணு ரெண்டு செவ்வாய். வெள்ளி, சனி ஒண்ணு கூட இல்ல. அண்ணங்கிட்ட காட்டுனப்ப அவரு சித்த நேரம் பேசல, அப்பறம் "ஞாயித்துக்கெழம சென்டர் லீவுங்க"ன்னாரு. ஞாயித்துக்கெழமயும் பாளை சீவாம விட முடியாது, ஒரு நாள் விட்டா பாளை அடைச்சுக்கும், அதனால அன்னைக்கு எறங்கறது பூரா தோட்டத்துச் சாளைலயே சட்டில ஊத்தி நாட்டுச்சக்கரை காய்ச்சிருவாங்க. சென்டர் கேனுங்க மட்டும் சனிக்கெழம மத்தியானம் கழுவி மூடி போட்டு ஷெட்டுல அடுக்குனது திங்கக்கெழம விடிகாலை வரைக்கும் அப்படியே கெடக்கும்.

சக்கரை காய்ச்சற அக்காகிட்டயும் கேட்டேன், அவங்க சொன்னது எனக்கு ரிஜிஸ்டர விட உறுதியா இருந்துச்சு. திங்கக்கெழம சென்டர்ல வேண்டாம்னு திருப்பி அனுப்பற சரக்கும் அவங்ககிட்டதான் வரும். "அந்தச் சரக்கு என்னாத்த காய்ச்சுனாலும் பதம் வராதுங்க கண்ணு, சக்கரை உதிராது, கம்மர்கட்டு மாதிரி இழுத்துட்டு நிக்கும், நானும் எத்தன தடவ சொல்லிட்டேன், யாரு காதுல வாங்குனாங்க"ன்னாங்க. தெளுவுல இருக்கற சர்க்கரைல முக்காவாசிக்கு மேல சுக்ரோஸ், அதுதான் மணி மணியா கட்டறது. கிருமி வந்து சுக்ரோஸ குளுக்கோஸ் ஃப்ரக்டோஸ்னு ஒடைச்சுப் போட்டா அது கட்டாது. கவுந்தப்பாடி பக்கம் கரும்புச்சக்கரை காய்ச்சறவங்களக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க, வெட்டி ரெண்டு மூணு நாள் வெயில்ல போட்ட கரும்புல சக்கரை நல்லா நிக்காதுன்னு. லேப் ரிப்போர்ட் எதுவும் இல்லாம சட்டிக்கு முன்னாடி நின்னே அந்த அக்கா வியாதியக் கண்டுபுடிச்சிருந்தாங்க.

அடுத்த ஞாயித்துக்கெழம ஷெட்டத் தொறக்கச் சொன்னேன். நாப்பது லிட்டர் பால் கேன், பன்னெண்டு இருந்துச்சு. உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா பளபளன்னு இருக்குது, மோந்து பாத்தா பிளீச்சிங் பவுடர் வாசம், அந்த தம்பி ஒண்ணும் சோம்பேறி இல்ல. மூடிய கைல எடுத்துத் திருப்பினேன். மூடியச் சுத்தி ஒரு ரப்பர் வாஷர், பள்ளத்துக்குள்ள இறுக்கமா உக்காந்திருக்குது, மேல பாத்தா அதுவும் சுத்தம். ஸ்க்ரூ டிரைவர் வாங்கி நெம்பி எடுத்தேன், வாஷர் வரும்போதே கூடவே ஒரு பசை வந்துச்சு, சளி மாதிரி, கண்ணாடியும் இல்லாம வெள்ளையும் இல்லாம ஒரு கலரு, விரல்ல தொட்டுத் தூக்குனா ஒரு சாண் நீளத்துக்கு நூலா எறங்குது. பள்ளத்துக்குள்ள சுண்ணாம்பு படிஞ்ச மாதிரி வெள்ளையா ஒரு பொருக்கு, போர் தண்ணியோட உப்பு வருசக்கணக்கா கட்டுனது, அந்தப் பொருக்குக்குள்ள பூரா இந்தச் சளி. வாசம் அதே வாழப்பழத் தோலு. அந்த தம்பி எட்டிப் பாத்துட்டு "அக்கா இது கழட்டற ஐட்டமா?"ன்னு கேட்டான். அவன் மேல தப்பே இல்ல, அவனுக்கு யாரும் இத கழட்டணும்னு சொன்னதில்ல, பன்னெண்டு மூடில பதினொண்ணுல இதே கதைதான், ஒண்ணுல மட்டும் வாஷரே இல்ல.

பிளீச்சிங் பவுடர் ஏன் கேக்கலன்னு கேட்டீங்கன்னா, குளோரின் அழுக்கப் பாத்தா அழுக்கோடயே சண்டை போட்டு தீந்துரும், அந்தச் சளிக்கு அடில இருக்கற கிருமி வரைக்கும் போய்ச் சேராது. சளிய மொதல்ல பிரஷ்ஷும் காஸ்டிக் சோடாவும் போட்டு எடுத்துட்டு அப்பறம் குளோரின் விட்டாத்தான் வேலை செய்யும். வாசம் வர்றத வெச்சு சுத்தம்னு நெனைக்கறது நம்ம வீட்டு பாத்ரூம்ல இருந்து பெரிய ஃபேக்டரி வரைக்கும் எல்லா எடத்துலயும் இருக்கற பழக்கம்.

ரெண்டு வாஷர ஜிப் கவர்ல போட்டு லேப்புக்கு எடுத்துட்டு வந்தேன். ஸ்லைடுல தேய்ச்சு, பாக்டீரியாவ ரெண்டு ஜாதியாப் பிரிச்சுக் காட்டற கிராம் ஸ்டெயின் சாயம் போட்டா ரெண்டு கூட்டம் தெரியுது. ஒண்ணு ஊதாக் கலர்ல உருண்டை உருண்டையா, பாசிமணி கோத்தாப்ல. இன்னொண்ணு இளஞ்சிவப்பா குண்டு குண்டான குச்சி, ஜோடி ஜோடியா. ஈஸ்டும் இருந்துச்சு ஆனா நான் எதிர்பாத்த அளவு இல்ல. ஈஸ்ட் இதுக்கு முன்னாடி யானை மாதிரி, இருந்தா தப்பாது கண்ணுக்கு. ஸ்டெயின் போடாம ஒரு சொட்ட அப்படியே பாத்தப்ப அந்தக் குண்டுக் குச்சிங்க சிலது நீஞ்சிட்டிருந்துச்சு.

பாசிமணி கூட்டம் லூக்கனாஸ்டாக்ங்கற பாக்டீரியா. சர்க்கரை ஆலைக்காரங்களுக்கு இது பரம்பரை எதிரி, சுக்ரோஸ எடுத்து அதுல இருக்கற குளுக்கோஸ ஒண்ணோட ஒண்ணு கோத்து டெக்ஸ்ட்ரான்னு ஒரு பசைய நெய்யும், நூல் இழுத்தது அதுதான். குண்டுக் குச்சி என்னன்னு சந்தேகம் இருந்ததால ரெண்டு வகை டியூப் போட்டேன், ஒண்ணுல குளுக்கோஸ், ஒண்ணுல மால்டோஸ், ரெண்டுலயும் ஈஸ்ட் வளராம இருக்க சைக்ளோஹெக்ஸிமைடு, உள்ள கவுத்து வெச்ச சின்ன டர்ஹாம் டியூப், கேஸ் வந்தா அதுல குமிழி நிக்கும். மறுநாள் காலைல குளுக்கோஸ் டியூப்ல உள்டியூப் மேல வரைக்கும் கேஸ், மூடியத் தொறந்தா அந்த வாசம். மால்டோஸ் டியூப் செத்த பொணம் மாதிரி அமைதியா இருந்துச்சு. ஈஸ்ட அடக்கி வெச்சும் கேஸ் வருது, மால்டோஸ தொடல, நீஞ்சுது, எல்லாம் சேந்து சொல்றது ஒரே பேருதான், சைமோமோனாஸ் மொபிலிஸ்ங்கற பாக்டீரியா.

இந்தப் பேரக் கேட்டதும் எனக்கு காலேஜ் ஞாபகம் வந்துச்சு, ஏன்னா இது புஸ்தகத்துல வர்றது நம்மூர்க் கள்ளோட மட்டும் இல்ல, இங்கிலாந்து ஆப்பிள் சைடரோடயும்தான். பிரிஸ்டல் பக்கத்துல லாங் ஆஷ்டன்னு ஒரு சைடர் ஆராய்ச்சி நிலையம் இருந்துச்சு, அங்க பார்க்கர், ஹில்லியர்னு ரெண்டு பேரு 1912லயே சைடர் சீக்குன்னு ஒரு வியாதியப் பத்தி எழுதுனாங்க. இனிப்பு மிச்சம் இருக்கற சைடர் திடீர்னு பொங்கும், கலங்கிப் போகும், வாழப்பழத் தோலு வாசம் வரும். ஃபிரான்ஸ்ல இதே வியாதிக்கு ராஸ்பெர்ரி வாசம்னு அர்த்தம் வர்ற மாதிரி ஃபிராம்ப்வாஸேன்னு பேரு, ஆளாளுக்கு மூக்கு வேற. 1920கள்ல லிண்ட்னர்னு ஒரு ஜெர்மன்காரரு மெக்சிகோல கத்தாழைச் சாறுல போடற புல்கேங்கற கள்ளுல இருந்து இத தனியாப் பிரிச்சாரு. பிரிஸ்டல்ல படிச்ச நான்சி மில்லிஸ்ங்கற ஆஸ்திரேலியா அம்மா 1956ல சைடர் சீக்குக் கிருமிய விவரமா ஆராய்ச்சி பண்ணி எழுதுனாங்க. ஆப்பிள், கத்தாழை, தென்னை, எங்க இனிப்பான சாறு இருக்குதோ அங்கெல்லாம் ஒரே சொந்தக்காரன்.

அந்த வாசத்துக்குக் காரணம் அது விடற அசிட்டால்டிஹைடுங்கற கெமிக்கல். வேகத்துக்குக் காரணம் அதோட பொழப்பு அப்படி. ஒரு குளுக்கோஸ ஒடைச்சா ஈஸ்டுக்கு ரெண்டு ஏடிபி, அதாவது செல்லுக்கான எனர்ஜிக் கூலி, கெடைக்கும், சைமோமோனாஸுக்கு ஒண்ணுதான், அதனால அது பாதி கூலிக்கு ரெட்டை ஷிஃப்ட் ஓட்டற தறிக்காரன் மாதிரி சர்க்கரைய ஓட்டித் தள்ளும், ஒடம்பு பெருசா வளராது, வர்றது பூரா ஆல்கஹாலும் கேஸும்தான். பாட்டில் ஊதுனது, டிக்கில தெறிச்சது எல்லாம் அந்தக் கேஸு.

இப்ப அந்த மொத நாள் வித்தியாசத்துக்கு வர்றேன். பச்சை பாட்டில் ஊதுது, பாஸ்சரைஸ் பாட்டில் ஊதல ஆனா வழுக்குது. அப்படின்னா பாஸ்சரைஸர் தன் வேலைய ஒழுங்காச் செஞ்சிருக்குது, ரெண்டு கிருமியயும் கொன்னிருக்குது, அதனாலதான் கேஸ் வரல. ஆனா கொல்றதுக்கு முன்னாடியே அதுங்க நெய்து வெச்ச டெக்ஸ்ட்ரானும் விட்ட புளிப்பும் சூட்டுல எங்கயும் போகாது, செத்தவன் விட்டுட்டுப் போன சொத்து மாதிரி அப்படியே பாட்டிலுக்குள்ள உக்காந்துக்கும். மெஷின்காரர் சொன்னது உண்மைதான், சரக்குதான் சரியில்ல, ஆனா அது மரத்துலயும் கெடல, மெஷின்லயும் கெடல, நடுவுல கெட்டிருக்குது. சனிக்கெழமல இருந்து ஒன்றரை நாளு ஈரத்தோட சூட்டோட வாஷருக்கு அடில பெருகி நின்னது, திங்கக்கெழம தெளுவு ஊத்துனதும் கழுவிட்டு உள்ள எறங்குது. போதாததுக்கு திங்கக்கெழம லோடு ஏத்தற ஆளுங்க வர்றது லேட்டு, ஆறரைக்கு நெரம்புன கேனு பதினோரு மணி வரைக்கும் ஐஸ் இல்லாம தகர ஷெட்டுல நிக்கும்.

சென்டர்ல சரக்கு எடுக்கும்போது பிரிக்ஸ் மட்டும்தான் பாப்பாங்க, அதான் மாட்டல. ஆரம்பத்துல கிருமி திங்கற சர்க்கரை கொஞ்சம்தான், 16 இருக்கற பிரிக்ஸ்ல அது தெரியவே தெரியாது, நாக்குக்கும் இனிப்பாத்தான் இருக்கும். ஆனா பிஹெச் உடனே காட்டிக் குடுத்துரும். அந்தத் திங்கக்கெழம நான் அளந்தப்ப தோப்புல 7.2 இருந்த சரக்கு பாட்டில் போடற எடத்துல 6.3, பிரிக்ஸ் ரெண்டு எடத்துலயும் 16. ஊதுன பச்சை பாட்டில்ல ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா பிஹெச் 4க்கு வந்திருந்துச்சு, பிரிக்ஸ் 13. இந்த 13ஐப் பாத்துட்டு அண்ணன் "அப்ப இது கள்ளுங்களா அம்மிணி"ன்னு மெதுவா கேட்டாரு. ஆமாங்ணான்னு சொல்றதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. பாட்டில் பூராத்தையும் அன்னைக்கே குழில ஊத்துனோம்.

இதுக்கு நடுவுல யாரோ ஒரு சொந்தக்காரரு, ஒயின் பத்தி எதையோ படிச்சுட்டு, கேஎம்எஸ் போட்டா தீந்துச்சுன்னு அண்ணனுக்கு யோசனை சொல்லி அரை கிலோ பாக்கெட்டே வாங்கிக் குடுத்திருந்தாரு. பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், ஜூஸ் போடறவங்க எல்லாம் வெச்சிருப்பாங்க. சைடர் ஊர்ல அது வேலை செய்யும், ஏன்னா கிருமியக் கொல்றது அதுல இருந்து வர்ற கரைஞ்ச சல்ஃபர் டைஆக்சைடு, அது எத்தன பங்கு அந்த உருவத்துல நிக்கும்ங்கறத பிஹெச்தான் முடிவு பண்ணும். பிஹெச் 3ல நூத்துக்கு ஆறு பங்கு, 3.8ல ஒரு பங்கு, நம்ம தெளுவு இருக்கற 7ல கணக்குல எடுக்கவே முடியாத அளவு. எத்தன கொட்டுனாலும் தண்ணில போட்ட மாதிரிதான், குடிக்கறவங்களுக்குத் தொண்டை கரகரப்புதான் மிச்சம். அது போக சைமோமோனாஸ் விடற அசிட்டால்டிஹைடு சல்ஃபைட்டப் புடிச்சுக் கட்டிப் போட்டுரும், சைடர்காரங்களே இதுல திண்டாடுனவங்கதான். அங்க பிஹெச் 3.7க்குக் கீழ இருந்தா சைடர் சீக்கு வர்றது கஷ்டம், அதனால புளிப்பு கம்மியான ஆப்பிளோட புளிப்பான ஆப்பிளையும் ஒட்டுக்கா அரைச்சு பிஹெச்ச எறக்கி வெச்சுக்குவாங்க. நாம அப்படி எறக்குனா அது தெளுவா இருக்காது. சைடர்காரனுக்கு புளிப்பே காவல், நமக்கு ஐஸும் சுத்தமும் தவிர வேற காவல் இல்ல. அந்த அரை கிலோ பாக்கெட்ட அவருக்கே திருப்பிக் குடுக்கச் சொன்னேன், குடுத்தாரான்னு கேக்கல.

சரி பண்ணுனது பெரிய கதை இல்ல. பழைய வாஷரக் கழட்டி வீசிட்டு சிலிக்கான் வாஷர், தெனமும் கழட்டிக் கழுவற மாதிரி லூசானது. பள்ளத்துல இருந்த உப்புப் பொருக்க சிட்ரிக் ஆசிட்ல ஊற வெச்சு எடுத்தோம், அப்பறம் ஒரு சதவீதக் காஸ்டிக் சுடுதண்ணில பிரஷ் போட்டு, அலசி, கடைசியாத்தான் குளோரின். சனிக்கெழம கழுவுன கேன மூடி போடாம வெயில்ல கவுத்து வெக்கறது. திங்கக்கெழம விடிகாலைல எடுத்த உடனே ஒருவாட்டி கொதிக்கற தண்ணி. சரக்கு எடுக்கற எடத்துல பிஹெச் மீட்டரு, 6.8க்குக் கீழ இருந்தா பாட்டிலுக்குப் போகாது, சட்டிக்குப் போகும்.

நான் சொல்லிட்டா மட்டும் நம்பிருவாங்களா, அதனால ஒரு திங்கக்கெழம பந்தயம் மாதிரி வெச்சோம். ரெண்டு கேன்ல வேணும்னே பழைய வாஷரையே விட்டுட்டேன், ரெண்டு கேன் புது முறை, நாலுலயும் ஒரே தோப்புச் சரக்கு. ஒவ்வொண்ணுல இருந்தும் பாட்டில் புடிச்சு ஷெட்டுலயே மேசை மேல வரிசையா வெச்சோம், ஐஸ் இல்லாம. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பாத்தா பழைய கேன் பாட்டில் ரெண்டும் வெளுத்து, அமுக்குனா கல்லு மாதிரி. புது கேன் பாட்டில்ல கலர் லேசா மங்கிருந்துச்சு, அவ்வளவுதான், அமுக்குனா உள்ள போகுது. பொழுதோட அதுவும் புளிக்க ஆரம்பிச்சுச்சு, ஐஸ் இல்லாட்டி எந்தத் தெளுவும் நிக்காது, ஆனா நாலு மணி நேர வித்தியாசம் எல்லாரு கண்ணுக்கும் தெரிஞ்சுது. அந்த தம்பி அன்னைக்கு சாயங்காலமே யாரும் சொல்லாம ஹோஸ், பாட்டில் நெரப்பற குழாய், வடிகட்டி எல்லாத்தையும் கழட்டிட்டு உக்காந்துட்டான், அதுலயும் ரெண்டு எடத்துல சளி.

ஒரு விசயத்துல எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் ஒத்து வரல. பாஸ்சரைஸ் பண்ண பாட்டில ஃப்ரிட்ஜ் இல்லாத கடைக்கும் அனுப்பலாமான்னு கேக்கறாரு, ஊதலியே, இனி வழுக்கவும் இல்லியேன்னு. ஊதாதது ஒரு அத்தாட்சியே இல்ல. சாதாப் பாஸ்சரைஸ் சூட்டுல இந்த ரெண்டு கிருமியும் சாகும், ஆனா சூடு தாங்கற வித்துக் கட்டற ஜாதி கிருமிங்க சாகாது, பிஹெச் 4.6க்கு மேல இருக்கற எந்த சாறும் மூடுன பாட்டில்ல ரூம் சூட்டுல நின்னா அதுங்களுக்கு வசதி, அதுல போட்டுலிசம் நஞ்சு வெக்கறதும் ஒண்ணு, அது வாசம் காட்டித்தான் வரணும்னு இல்ல. வெளில வெச்சு விக்கணும்னா பிரஷர் வெச்சு 121 டிகிரில ஸ்டெரிலைஸ் பண்ணணும், அதுக்கு மெஷினே வேற. வெல கேட்டுட்டு அண்ணன் "அப்ப ஃப்ரிட்ஜே இருக்கட்டுங்க"ன்னுட்டாரு, ஆனா மனசுல அந்த ஆசை போகலைன்னு எனக்குத் தெரியும்.

சித்திரை, வைகாசி ரெண்டு மாசம் திங்கக்கெழம ரிஜிஸ்டர மட்டும் எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிருந்தேன். ஒரே ஒரு பாட்டில் திரும்பி வந்திருக்குது, அதுவும் கடைக்காரரு ராத்திரி ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிட்டுப் போனது.

கடைசியா போனப்ப அந்த மரம் ஏறற பெரியவருகிட்ட விசயத்த வெவரமா சொன்னேன், வாஷரு, சளி, ஆப்பிள் சாறு, இங்கிலாந்து எல்லாம். பொறுமையாக் கேட்டுட்டு, "இதத்தானுங்க எங்கய்யன் வேற மாதிரி சொல்லும், தெளுவு முட்டிய தேய்ச்சுக் கழுவி வெயில்ல காயப் போட்டு சுண்ணாம்பு தடவோணும், கள்ளு முட்டிய கழுவவே கூடாது, அடில மண்டி இருந்தாத்தான் சீக்கிரம் பொங்கும்னு"ன்னாரு. அப்ப சனிக்கெழம கேன் கள்ளு முட்டி ஆயிருச்சுங்க அண்ணான்னு சொன்னேன். சிரிச்சுட்டு, கத்திய இடுப்புல சொருகிட்டு மரத்துல கால் வெக்கறதுக்கு முன்னாடி திரும்பி, குரலக் கொறைச்சு, "அந்தப் பழைய வாஷரு இருக்குதுங்களா அம்மிணி? தூக்கிப் போட்றாதீங்க, நாளைக்கு கவர்மெண்ட்டு கள்ளு எறக்க விட்டுருச்சுன்னா வெதைக்கு ஆகும்"னாரு.

ரெண்டு வாஷரும் இன்னும் என் லேப் ஃப்ரீசர்லதான் இருக்குது.